பாதை போடுவோரும் பயன் பெறுவோரும்

(கிளமெண்டியில், ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வந்திருந்த அங்கத்தினர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் வாசகம்)

    

பழைய தொழில் நகரம் ஒன்று போக்குவரத்துக்குப் பணம் போட்டால் மறுபடி தழைக்குமா என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் கேட்டுக் கொண்டார்கள். இது நிபுணர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பால்வாளி தூக்குகிற நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ண வேண்டாம். மலாயாவில் முதல் ரயில் 1885-ம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடிற்று. பயணிகள் சுகமாகப் போய்வரவா அதைப் போட்டார்கள்? ஈயத்தைக் கப்பலில் ஏற்றுவதற்காகப் போட்டார்கள். ஈயத்துக்குப் பின்னால் ரப்பர் வந்தது. கம்பிச் சடக்கு எந்தப் பக்கம் திரும்பிற்றோ அந்தப் பக்கம் தோட்டங்கள் முளைத்தன. தோட்டங்கள் முளைத்த இடத்தில் லயங்கள் முளைத்தன. லயத்தில் நம் பாட்டன்மார் குடியேறினார்கள். ஆகவே, நம்முடைய பிழைப்பின் படமே ரயில் படத்தின் மேல் வரையப்பட்டதுதான்.

இனி, நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைப் பார்ப்போம். 1947-க்கு முன்னே இங்குள்ள பெரிய சாலைக்கு ரிஃபார்மட்டரி ரோடு என்று பெயர். பிறகுதான் கிளமெண்டி ரோடு ஆயிற்று. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை 1932-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி திறந்து வைத்த கவர்னரின் பெயர் சர் செசில் கிளமெண்டி. அந்த ரயில் பாதையில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் அதே 1932-ல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் முனீஸ்வரனுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். குவீன்ஸ்வே ஓரத்திலிருந்த அந்தக் கொட்டகைதான் இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம். நிலையத்தைத் திறந்த கவர்னரின் பெயர் சாலைப் பலகையில் இருக்கிறது. தண்டவாளம் தாங்கிய தொழிலாளி விட்டுப் போனது அந்தக் கோயில்.

கிளமெண்டி ரோட்டின் ஓரத்தில் ஒரு காடு இருக்கிறது. 85 ஹெக்டேர். அதை இயற்கைக் காடு என்று எண்ணிப் பட்டணத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். உள்ளே போனால் உங்கள் கண்ணுக்கு மட்டும் வேறொன்று தெரியும். பால்மரங்கள்! ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். தோட்டத்தைக் கைவிட்ட பிறகு காடு மூடிக்கொண்டது. அந்தக் காட்டுக்குள்ளேயே பழைய தண்டவாளமும் கிடக்கிறது. இங்கே சன்செட் வே பக்கம் உலு பாண்டான் கால்வாயின் மேல் ஒரு பழைய ரயில் பாலம் இன்னும் நிற்கிறது. அது எங்கே போன ரயில்? ஜூரோங்குக்குப் போன ரயில். அதன் கதை நமக்குப் பாடமாக இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1961-ல் சிங்கப்பூரில் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ, சதுப்பும் குன்றும் தோட்டமுமாகக் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கத் துணிந்தார். குன்றை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். தேசிய இரும்பு எஃகு ஆலை 1963-ல் வேலையைத் தொடங்கிற்று. ஆனால் மற்ற ஆலைகள் ஓடி வரவில்லை. வெறும் மண்மேட்டைப் பார்த்து ஜனங்கள் அதற்குக் “கோவின் மடமை” என்றுகூடப் பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் பல. அவற்றில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வேலை ஜூரோங்கில் இருந்தது, வேலைக்காரன் பட்டணத்தில் இருந்தான். நடுவில் நல்ல பஸ் இல்லை. ஜூரோங்கில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி வைத்தார்கள். கடை கண்ணி இல்லாத ஊரில், பஸ் இல்லாத ஊரில், யார் குடியிருப்பார்? வீடுகள் காலியாகக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் புக்கிட் தீமா நிலையத்திலிருந்து கிளை பிரித்து, இந்தக் கிளமெண்டிக் காட்டின் வழியாக ஜூரோங்குக்குச் சரக்கு ரயில் போட்டார்கள். 1963-ல் வேலை ஆரம்பித்தது. அப்போது சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்தது. ஜூரோங்கில் செய்த சாமானை மலாயா முழுவதும் விற்கலாம், அதற்கு ரயில் வேண்டும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ரயில் தயாராகும் நேரத்தில், 1965 ஆகஸ்ட் 9-ந் தேதி, சிங்கப்பூர் தனி நாடாயிற்று. பொதுச் சந்தை போயிற்று. ஜூரோங் ஆலைகள் கப்பலை நம்பி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சாமான் அனுப்பக் கற்றுக்கொண்டன. 1965-லேயே ஜூரோங் துறைமுகமும் வந்துவிட்டது. மிச்சச் சரக்கை லாரிகள் ஏற்றிக்கொண்டன. ரயிலுக்குச் சுமை கிடைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அதை மூடினார்கள்.

பாதை போட்டாலே பொருளாதாரம் வளர்ந்துவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்களை இந்தக் காட்டுக்கு அழைத்து வந்து அந்தத் தண்டவாளத்தைக் காட்ட வேண்டும். பொருளும் சந்தையும் ஆளும் இருந்தால்தான் பாதை உதவும். இவையில்லாத இடத்தில் தண்டவாளம் துருப்பிடிக்கும்.

அப்படியானால் ஜூரோங் எப்படி எழுந்தது? சாலை வந்தது, பஸ் வந்தது. 1973-ல் பஸ் கம்பெனிகளை ஒன்றாக்கிச் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்று வைத்தார்கள். வீடமைப்புக் கழகம் 1970-களின் நடுவில் கிளமெண்டி நகரத்தைக் கட்ட ஆரம்பித்தது. ஜூரோங் ஆலைக்கும் பட்டணத்துக்கும் நடுவில், தொழிலாளி குடும்பத்தோடு இருக்கத்தக்க ஊராக இது அமைந்தது. இன்று இங்கே 90,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள்.

பெருவிரைவு ரயில் போடலாமா, பஸ்ஸே போதுமா என்று இங்கே பல ஆண்டுகள் பெரிய வாதம் நடந்தது. 500 கோடி வெள்ளிச் செலவு! அந்நாளில் சிங்கப்பூர் அதுவரை கண்டிராத பெருந்தொகை. அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையிலிருந்து வந்த குழு, பஸ்களை ஒழுங்குபடுத்தினாலே போதும் என்று சொல்லிற்று. கோ கெங் சுவீயும் ரயிலுக்கு அத்தனை பணமா என்று தயங்கிய பக்கந்தான். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் போக்குவரத்து அமைச்சர் ஓங் தெங் சியோங். நிலம் சிறியது, சாலையை விரித்துக்கொண்டே போக முடியாது, ரயில் வந்தால் நிலையத்தைச் சுற்றிய நிலத்துக்கு மதிப்பு ஏறும், தொழில் வரும் என்பது ரயில் பக்கத்து வாதம். 1982 மே மாதம் ரயிலே என்று முடிவாயிற்று. இந்த ஓங் தெங் சியோங் 1983 முதல் பத்தாண்டுகள் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைமைச் செயலாளராகவும் இருந்தவர். 1986-ல் ஒரு வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கொடுத்து மந்திரி சகாக்கள் சிலரை முகம் சுளிக்க வைத்தவர். ரயிலும் சங்கமும் ஒரே ஆளிடம் இருந்த அபூர்வமான காலம் அது!

1987 நவம்பரில் முதல் ரயில் ஓடிற்று. 1988 மார்ச் 12-ந் தேதி கிளமெண்டிக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஜூரோங் கிழக்குக்குப் போயிற்று. 1990-ல் 67 கிலோமீட்டர், 42 நிலையங்கள் என்று முதல் திட்டம் பூர்த்தியாயிற்று. முன்னே ஜூரோங்கில் குடியிருக்க மாட்டேன் என்று ஓடியவர்கள் இப்போது நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா என்று அலைந்தார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் தொழில் நகரத்தின் மறுபிறவி என்று நான் கூறுவேன். ஜூரோங் கிழக்கில் 1992-ல் சர்வதேச வர்த்தகப் பூங்காவைத் திறந்தார்கள். 2008-ல் அந்த ஏரிப் பகுதியையே பட்டணத்துக்கு வெளியே ஒரு பெரிய வர்த்தக வட்டாரமாக்கத் திட்டம் போட்டார்கள். அங்காடிகள் வந்தன, ஆஸ்பத்திரி வந்தது. புகைபோக்கிகள் மேற்கே துவாஸுக்கு நகர்ந்தன. ரயிலும் 2017-ல் துவாஸ் வரை நீண்டது. துறைமுகமும் துவாஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குறுக்குத் தீவு ரயில் பாதையின் இரண்டாம் கட்டம் 2032 வாக்கில் இதே கிளமெண்டி வழியாகப் போகும்; அப்போது இது இரண்டு பாதைகள் சந்திக்கும் நிலையமாகிவிடும்.

இந்த மதிப்பெல்லாம் யாருக்குப் போயிற்று என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதுதான் சங்கத்தின் வேலை. சிங்கப்பூரில் 1966-ல் நிலம் எடுக்கும் சட்டம் கொண்டு வந்தார்கள். ரயில் வரப்போகிறது என்று விலை ஏறின பிறகு அந்த ஏறின விலையைக் கொடுத்து வாங்காமல், குறைந்த விலைக்கே அரசாங்கம் நிலத்தை எடுக்க அது வழி செய்தது. நிலத்துக்காரருக்கு அது கசப்பு. 2007-ல்தான் சந்தை விலை கொடுப்பது என்று திருத்தினார்கள். ஆனால் அதன் பயனாக, பாதை போட்டதால் ஏறிய மதிப்பில் பெரும்பங்கு பொதுப் பணத்துக்கு வந்தது. அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. தொழிலாளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருக்க முடிந்தது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பாராட்டிவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன். இந்த நிலையத்தை ஒட்டிய கிளமெண்டி மால் 2011-ல் வந்தது. கீழே பஸ் நிலையம், மேலே வீவக வீடுகள். அந்த ஐந்தறை வீடுகள் மறுவிற்பனையில் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கின்றன. முதலில் வாங்கிய குடும்பத்துக்கு யோகம். இன்று கல்யாணமாகும் தொழிலாளிப் பிள்ளைக்கு?

கடல் கடந்த ஒரு நகரத்தையும் பார்த்துவிடுவோம். மில் துணிக்குப் பேர்போன மான்செஸ்டர். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் 1830-ல் ரயில் ஓடிற்று. மில்கள் மூடின. துறைமுகமும் 1982-ல் மூடிற்று. 1992-ல் பழைய ரயில் பாதைகளையே பயன்படுத்தி டிராம் விட்டார்கள். 1999-ல் மூடிய துறைமுகத்தின் வழியாக ஒரு கிளை ஓடிற்று. 2011-ல் பிபிசி வானொலி, தொலைக்காட்சியின் பெரும் பகுதிகள் அந்தத் துறைமுகத்துக்கே குடிவந்தன. 1896-ல் தொடங்கிய டிராஃபோர்ட் பார்க் தொழிற்பேட்டைக்கு, உலகத்தில் இந்த வகையில் முதல் பேட்டை அது, 2020-ல்தான் டிராம் போயிற்று. பேட்டை போட்டு நூற்றிருபது வருஷங்களுக்குப் பிறகு! அதுவரை ஏழைத் தொழிலாளிக்கு பஸ்தான் கதி. அந்த பஸ்களையோ 1986-ல் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். லாபமுள்ள தடத்தில் பஸ் மேல் பஸ், லாபமில்லாத தடத்தில் காத்து நிற்கும் கிழவி. கடைசியில் 2023-லிருந்து படிப்படியாக பஸ்களைப் பொது நிர்வாகத்தின் கீழ் திரும்பக் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் அந்த வேலையை முடித்தார்கள். டிராம் கண்ணுக்கு அழகு, பத்திரிகையில் படம் வரும். ஆனால் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவனை ஏற்றுவது பஸ். முதலீடு என்றால் மந்திரிமார் ரிப்பன் வெட்டுகிற சாமானை மட்டும் நினைக்கிறார்கள்.

சென்னைப் பெரம்பூரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கிங்காம் கர்னாட்டிக் மில் தொழிலாளருக்காக 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பூமி. வாடியாவும் திரு. வி. க.வும் நின்று பேசிய இடம். மில் 1996-ல் மூடப்பட்டது. இப்போது அந்தப் பக்கம் பூமிக்கடியில் மெட்ரோ ரயில் தோண்டுகிறார்கள். மில் தொழிலாளியின் பேரன் அந்த ரயிலில் ஏறிப் போகும் வேலை எது, அவனுக்கு வாடகை கட்டுமா என்பதைப் பொறுத்தே அதன் பயனை நான் கணிப்பேன்.

தோழர்களே! இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். சிங்கப்பூரின் சுரங்கத்தைத் தோண்டுவது யார்? தண்டவாளத்துக்குக் காங்கிரீட் போடுவது யார்? புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள். வங்காள தேசத்துப் பிள்ளைகள். அவர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள்? ரயிலிலா? இல்லை. பலர் லாரியின் பின்னால், சாமான்களோடு சாமான்களாக உட்கார்ந்து போகிறார்கள். இந்தப் பக்கத்து விரைவுச் சாலையில் காலையிலும் மாலையிலும் நின்று பாருங்கள். காரில் போகிறவர் பெல்ட் கட்டாவிட்டால் அபராதம். லாரியின் பின்னால் பெல்ட்டே கிடையாது. கூரையும் பக்கத்துக் கம்பிகளும் வேண்டும் என்று விதி வந்தது, மழைத்திரை வேண்டும் என்று விதி வந்தது. 2021 ஏப்ரல் 20-ந் தேதி தீவு விரைவுச் சாலையில் ஒரு லாரி மோதி இரண்டு தொழிலாளர் உயிரிழந்தனர். லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்துங்கள் என்று 2023-ல் பல அமைப்புகள் கேட்டன. அரசாங்கம் என்ன சொல்லிற்று? தடை செய்தால் சிறு முதலாளிகள் தாங்க மாட்டார்கள், பஸ்ஸும் டிரைவரும் போதாது, வீடுகளும் ரயில் பாதைகளும் கட்டி முடிக்கத் தாமதமாகும், செலவு கூடும் என்று சொல்லிற்று.

ரயில் பாதை தாமதமாகக் கூடாது என்பதற்காக, ரயில் பாதை போடுகிறவன் லாரியில் போக வேண்டும்! இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் சொன்ன சிரமம் பொய்யல்ல. டிரைவர் பஞ்சம் உண்மை, சிறு குத்தகைக்காரன் கஷ்டமும் உண்மை. ஆனால் கோடி கோடியாகப் பாதைக்குச் செலவிடும்போது, அதைப் போடுகிறவனுக்கு இருக்கை வைத்த பஸ் அந்தச் செலவில் சேராதா? டெண்டரிலேயே ஆள் ஏற்றும் பஸ்ஸின் செலவையும் எழுதச் சொன்னால் எல்லாக் குத்தகைக்காரருக்கும் ஒரே சுமைதானே? ஒருவன் மட்டும் நஷ்டப்பட மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போவதும் ஒரு போக்குவரத்துப் பிரச்சினையே. கிளமெண்டியில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கலாம். ஆனால் விடுதிகளோ நிலையத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் தனியார் பஸ்கள் ஓடின. 2013 டிசம்பர் 8-ந் தேதி இரவு, ஜூரோங் பக்கத்து விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸின் அடியில் ஒரு தமிழ்த் தொழிலாளி சிக்கி மாண்டார். அதையொட்டித் தேக்காவில் கலவரம் மூண்டது. கலவரத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு மனிதனின் ஒருநாள் விடுமுறையே ஒரு பஸ்ஸின் கதவைப் பொறுத்திருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். பாலத்துக்கு அப்பால் நடப்பதைக் கவனியுங்கள். தஞ்சோங் பகாருக்கு வந்துகொண்டிருந்த மலாயன் ரயில் 2011 ஜூன் 30-ந் தேதியோடு நின்றது. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் அவர்களே ஓட்டிச் சென்றார்கள். கோலாலம்பூரிலிருந்து ஜூரோங் கிழக்குக்கு அதிவேக ரயில் என்று 2013-ல் அறிவித்தார்கள். 2016-ல் ஒப்பந்தம் செய்தார்கள். 2020 முடிவில் அது ரத்தாயிற்று. மலேசியா 10 கோடி வெள்ளிக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தது. ரயில் வரவில்லை. ஆனால் ரயில் வருகிறது என்ற பேச்சிலேயே வழிநெடுக நிலத்தரகர்கள் கிளம்பிவிட்டார்கள். பேச்சுக்கே இப்படி!

இப்போது வருவது வெறும் பேச்சல்ல. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாரு புக்கிட் சாகாருக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை உருவாகியிருக்கிறது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றத்தக்கது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டாரத்துக்கு இரு நாடுகளும் கையொப்பமிட்டன. மின்சார ரயில் 2025-ல் சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் வந்துவிட்டது. ஜொகூர் நிலம் விலை ஏறப்போகிறது. நிலம் என்றால் யாருடைய நிலம்? தோட்டம்! செம்பனைக்குப் போன தோட்டம் போக, மிஞ்சின ரப்பர்த் தோட்டங்களும் வீடமைப்புக்கும் ஆலைக்கும் விற்பனையாகலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-ல் வந்தபோது சாலையோரத் தோட்டங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

கிராணிமார்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஆட்குறைப்புச் சலுகைகள் பற்றிய 1980-ம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் பதினைந்து நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் இருபது நாள். தோட்டம் கைமாறும்போது புது முதலாளி ஏழு நாட்களுக்குள் முன்னைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று மறுப்பவருக்கு அந்தப் பணம் கிடைக்காமற் போகலாம். ஆகையால் ஆத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள். அந்த விதிகளில் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முப்பது வருஷம் லயத்தில் இருந்தவனுக்கு இருபது நாள் கணக்கில் வரும் பணம், ரயில் வந்த ஊரில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகவும் போதாது. கிளமெண்டியில் அரசாங்கம் நிலத்தை முதலில் கையில் வைத்திருந்தது; அதனால் தொழிலாளிக்கு வீடு கட்ட முடிந்தது. ஜொகூரில் தோட்ட நிலம் கம்பெனி கையில் இருக்கிறது. விற்கிற விலையில் தொழிலாளர் வீட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று விற்பனைக்கு முன்பே கேட்க வேண்டும். விற்ற பிறகு கேட்டால் வாசலில் காவற்காரன்தான் பதில் சொல்வான்.

இன்னொரு காரியம். ரயில் குளுவாங் வரை வந்துவிட்டது என்கிறார்கள். தோட்டத்து வாசலிலிருந்து குளுவாங் நிலையத்துக்கு எப்படிப் போவது? மோட்டார் சைக்கிள் இல்லாத விதவைத் தாய் எப்படிப் போவாள்? ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்திலிருந்து அடுத்த பஸ் நிற்கும் இடம் எத்தனை மைல், எத்தனை பஸ், முதல் பஸ் எத்தனை மணிக்கு, பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் நடக்கிறார்கள், டவுன் வேலைக்குப் போகும் பெண்கள் வேன்காரனுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். தண்டல் சொன்னதைக் கேட்டு எழுத வேண்டாம். வீடு வீடாகப் போய் எழுதுங்கள். கிளைச் செயலாளரும் ஒரு கிராணியும் சேர்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அடுத்த செயற்குழு கூடுமுன் அந்தத் தாள்கள் பொதுச் செயலாளர் கைக்கு வந்து சேர வேண்டும். தேநீருக்குப் பிறகு அதற்கான படிவத்தை வாசலில் கொடுப்பார்கள். மறவாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.